ராமக்காளின் பிடிக் கேழ்வரகு

ராமக்காளிடம் யாரும் எதையும் கேட்டதே கிடையாது. வேலையைச் செய் என்பார்கள், தள்ளி நில் என்பார்கள். கொடு என்று கேட்டவர் இல்லை. கம்பைநல்லூருக்குக் கிழக்கே ஒரு சேரியில் பிறந்து அதே சேரியில் வாழ்க்கைப்பட்டவளிடம் கேட்டு வாங்க என்ன இருக்கிறது? அப்படியிருக்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலைப் பொழுதில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஞானாதிக்கம் உபதேசியார் அவள் வாசலில் நின்று, "அம்மா, நீங்களும் ஒரு பிடி போடணும்" என்றார்.

அம்மா என்றதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. போடணும் என்றதில் மீதியும் போயிற்று.

கேட்டது பெரிய சமாச்சாரம் இல்லை. கேழ்வரகைத் திருகையில் போட்டு அரைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை ஜெபக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். கர்த்தருக்கென்று எடுத்த அந்தத் தானியம் நோயாளிக்கும் கைம்பெண்ணுக்கும் போகும். உபதேசியாரின் வயிற்றுக்கும் கொஞ்சம் போகும், அவரும் மனிதர்தானே. மற்ற ஊர்ச் சபைகளில் இதற்குப் பிடியரிசி என்று பெயர். அரிசியைப் பண்டிகைக்கும் காணாத சேரியில் அது பிடிக் கேழ்வரகு ஆயிற்று. அந்த வருஷம் சேரி முழுக்க ஞானஸ்நானம் பெற்றது. ராமக்காளுக்கு மார்த்தாள் என்று பெயர் விழுந்தது. உபதேசியாரைத் தவிர ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை, அவள் புருஷன் மாயவன் உட்பட. மாயவன் தன் பங்குக்கு, இனி மாரியம்மன் திருவிழாவில் அடிப்பதில்லை என்று தப்பட்டையை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டான்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் கழன்றுகொண்டது. ஒரு வீடு பெண் கொடுக்கல் வாங்கலுக்காகப் பழைய சாமிக்கே திரும்பிப் போனது. இன்னொரு வீடு பண்ணையாரின் முறைப்புக்குப் பயந்து போனது. மாயவனின் அண்ணன் கருப்பண்ணன், திருவிழாவில் அடித்தால் களத்தில் கிடைக்கிற தானியத்துக்காகப் போனான். குறை சொல்ல என்ன இருக்கிறது? பசித்தவனிடம் போய் நில்லடா, அசையாதே என்று சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கிறது? சீமையில் சண்டை மூண்டதும் மிஷனுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. உபதேசியாரையும் தருமபுரி மிஷன் வளாகத்துக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். புறப்படும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பிடியை மட்டும் நிறுத்திராதீங்கம்மா" என்றார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. ராமக்காள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள்.

அவர் வரவில்லை. கொட்டகையின் கூரை ஒரு மழையில் சரிந்தது. மூங்கிலை யாரோ ஆட்டுப்பட்டிக்கு இழுத்துப் போனார்கள். ராமக்காளுக்குப் பாட்டுகள் மறந்தன. படிக்கத் தெரியாதவள், வேதத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? களையெடுத்துவிட்டு வந்து ஜெபத்துக்கு முழங்கால் போட்டால், பாதியில் அப்படியே தூங்கிச் சாய்ந்துவிடுவாள். அவள் விசுவாசத்தில் மிஞ்சியது அந்தப் பிடி ஒன்றுதான். பானை நிறைந்தது, கழுவி உலர்த்தி இன்னொரு பானை வைத்தாள். கேழ்வரகு வருஷக்கணக்கில் கெடாது. உபதேசியார் வந்து கொட்டச் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது என்பது அவள் எண்ணம்.

சண்டை முடிந்தது, மழையும் முடிந்துபோயிற்று. கிணறுகள் வற்றின, வேலை இல்லை, சர்க்கார் பங்கீடு போடும் கண்ட்ரோல் கடையில் எப்போதாவது வரும் சோளத்துக்கு அடிதடி. ஒரு நாள் மாயவன் வெறும் வயிற்றோடு பானைகளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"ஏ புள்ள, இதத் தொறந்தா என்ன?"

"அது நம்முளுது இல்லய்யா."

"பின்ன யாருது? வூட்டுல வச்சிருக்கறது நாம, போட்டது நீ."

"குடுத்துட்டமில்ல? குடுத்தத எடுத்துத் திங்கறதா?"

மறுவாரம் மாரியம்மன் திருவிழாவுக்கு மாயவன், விட்டத்திலிருந்த தப்பட்டையை இறக்கி, தூசி தட்டி, நெருப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு அண்ணனோடு போனான். துண்டில் கேழ்வரகு முடிந்துகொண்டு திரும்பியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ராமக்காள் திட்டவில்லை, அழவும் இல்லை. அதற்குத் தெம்பு வேண்டுமே. துண்டை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். அரைக்கும் முன் அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த கருப்பண்ணன் சிரித்தான். "ஆத்தாளுக்கு அடிச்ச தானியம், உன் சாமி தின்னுமா?"

"பசியில அடிச்சதுன்னு அவருக்குத் தெரியும், மாமா" என்றாள்.

அந்தத் தானியமும் தீர்ந்தது. மாயவனுக்குக் கால் வீங்கிற்று. எழுந்தால் தலை சுற்றி விழுந்தான். அப்போதுதான் ராமக்காள் அசைந்தாள். பானையைத் தொட அல்ல, அனுமதி கேட்க. தருமபுரிக்கு நடந்தாள். வழியெல்லாம், கர்த்தாவே, இந்த மனுஷனை எடுத்துக்கொள்ளாதே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

மிஷன் வளாகத்தில் வேறொரு போதகர் இருந்தார். இளவயது, நல்ல மனிதர். முதலில் அவளுக்குக் கஞ்சி கொடுத்து உட்கார வைத்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அது சண்டை வந்த வருஷமே நின்னு போச்சே. உங்க பக்கத்துல யாரும் இல்லன்னுதான் நாங்க நெனச்சோம். ஞானாதிக்கம் உபதேசியார் ஊருக்குப் போய்க் காலமாயிட்டார்."

"அப்ப நான் போட்டது?"

"யாரும் கேட்கலையேம்மா. நீங்க எப்பவோ எடுத்துச் சாப்பிட்டிருக்கலாமே."

ராமக்காள் கஞ்சியைக் குடித்து முடித்தாள். கும்பிட்டாள். திரும்பி நடந்தாள். உபதேசியார் செத்ததற்குக்கூட அவளுக்கு உடனே அழுகை வரவில்லை. கேட்க ஆளில்லாத ஒன்றுக்காகக் கட்டின புருஷனைப் பட்டினி போட்டோமே என்பது ஒன்றுதான் மனதைப் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்ததும் பானை வாயைக் கட்டியிருந்த துணியைப் பிய்த்தாள். மாயவனுக்குக் கூழ் காய்ச்சி ஊட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து, "ஏனம் இருக்கறவங்க எடுத்துக்கிட்டு வாங்க" என்று கத்தினாள். நோயாளிக்கும் கைம்பெண்ணுக்கும் என்றுதானே உபதேசியார் சொல்லியிருந்தார். அந்த வருஷம் சேரியில் நோயாளி அல்லாதவர் யார்? அளந்து போட்டாள், முகத்தில் ஈரமில்லாமல், கோபத்தோடு. கருப்பண்ணனும் வந்து தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான். சேரி அதைத் தின்று மழை வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டது. பானைகளைக் கவிழ்த்து மூலையில் தள்ளினாள். ஜெபத்தையும் விட்டுவிட்டாள். அவ்வளவு அலுத்துப்போயிருந்தாள்.

மழை பெய்தது. மாயவன் எழுந்து நடமாடினான். முதல் அறுப்புக்குக் கூலியாகப் புதுக் கேழ்வரகு வந்தது. ராமக்காள் முறத்தில் புடைத்து, நேராகத் திருகை ஓரம் கொண்டுபோனாள். மாயவன் குறுக்கே கையை நீட்டினான்.

"மறந்துட்டியா?"

"மறக்கல. வேண்டாம்னு வுட்டுட்டேன். யாரும் கேக்கலையாம்."

மாயவன் மூலையில் கிடந்த பானையை எடுத்து நிமிர்த்தி வைத்தான். தப்பட்டையை இறக்கிய நாளிலிருந்து சாமி பேச்சையே எடுக்காதவன்.

"அவங்க கேட்டதுனால நான் பொழைக்கல புள்ள. நீ போட்டதுனால பொழச்சேன். நீ போட்டத வச்சுக் காத்தவரு ஒருத்தரு இருக்காருல்ல, அவரு கேக்காமயா இருப்பாரு?" என்று சொல்லி, முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளினான்.

உபதேசியாருக்கு அழாத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பார்த்தாள்.

"உங்கையி பெருசுய்யா. கொஞ்சமா எடு" என்றாள்.

மாயவன் குறைக்கவில்லை.