பம்பருக்குப் பின்னால் இருந்த சாவி

என் கணவர் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போது இறந்துபோனார். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், நாலைந்து பேர் யாரையோ தூக்கிக்கொண்டு போனார்கள். தொங்கிய காலைப் பார்த்துத்தான் அவர் என்று தெரிந்தது. ஆம்புலன்ஸில் தென்காசிக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் மோதிரம், ஈர டிரவுசர், அதன் பையில் இருந்த கார் சாவி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தந்தார்கள். வாங்கிக்கொண்டுபோய் அப்படியே பீரோவில் வைத்தேன்.

கார் ஐந்தருவியிலேயே நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் அதை நினைக்கவில்லை. அந்த நாட்களில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். அழுதுவிடு என்று பெண்கள் சொன்னார்கள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க.

காரை எடுத்துவர வேண்டும் என்று சொன்னது என் கொழுந்தன். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். கவரிலிருந்து சாவியை எடுத்துப் பட்டனை அழுத்தினேன். வழக்கமாக எரியும் சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு வாட்ச் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியை நெம்பித் திறந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. அருவித் தண்ணீர். பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. துடைத்துப் புதுப் பேட்டரி போட்டுப் பார்த்தார்.

"பேட்டரில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உள்ள சர்க்யூட்டே போச்சு. ஸ்பேர் சாவி இருக்கா?"

கொழுந்தன் என்னைப் பார்த்தார்.

"இருக்கு. கார்லயே இருக்கு. அந்தப் புதுப் பேட்டரியக் குடுங்க" என்றேன்.

ஒருமுறை கேரளாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, எல்லையோரம் புளியறையில் சாப்பிட இறங்கிய இடத்தில் என் கணவர் சாவியைத் தொலைத்துவிட்டார். வீட்டிலிருந்து இன்னொரு சாவி வந்து சேரும்வரை லாரிகளுக்கு நடுவில் வெயிலில் நின்றோம். தொலைந்ததற்குப் பதில் புதுச் சாவி ஒன்று செய்து வாங்கியதும், அந்த இரண்டாவது சாவியின் பேட்டரியைக் கழற்றி, சாவியைச் சமையல் ஃபாயிலில் சுற்றி, ஒரு மிட்டாய் டப்பாவில் அடைத்துப் பின்பக்கப் பம்பருக்கு உள்ளே கம்பி போட்டுக் கட்டினார். டார்ச் பிடித்தவள் நான்.

"பேட்டரிய எதுக்குக் கழத்துதீங்க?" என்று கேட்டேன்.

"சாவி பக்கத்துல இருந்தா கைப்பிடிப் பட்டன அமுக்குனாலே கார் திறந்துக்கிடும். பேட்டரி இல்லேன்னா அது வெறும் பிளாஸ்டிக்கு. எவன் எடுத்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

குற்றாலத்துக்குப் பஸ்ஸிலும், அங்கிருந்து ஐந்தருவிக்கு ஆட்டோவிலும் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்கிறவர் காரைச் சுற்றி நாங்கள் நடப்பதைப் பார்த்துவிட்டுக் குடையோடு வந்தார்.

"உங்க காராக்கா? யார்ட்டக் கேக்கன்னு தெரியாமக் கெடந்தோம். அந்த சார் இப்ப எப்பிடி இருக்காவ?"

கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நல்லா இருக்காவ."

"நாந்தாங்க்கா தலைமாட்டுல பிடிச்சுத் தூக்குனேன். மூச்சே இல்லாத மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு வீட்டுல எனக்குச் சோறு எறங்கல. இன்னைக்குப் போயி எம் பொண்டாட்டிட்டச் சொல்லணும்."

சரி என்று தலையாட்டினேன். அவர் குடையை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

காருக்குப் பின்னால் தரையெல்லாம் சேறு. "நா எடுக்கேன் மதினி. சேலை அழுக்காவும்" என்றார் கொழுந்தன். இடம் எனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். கம்பி துருவேறி இருந்ததால் சீக்கிரமே அறுந்தது. டப்பாவுக்குள் ஃபாயில் நனையாமல் இருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, எழுத்து உள்ள பக்கம் மேலே வரும்படி பேட்டரியை வைத்து மூடியை அழுத்தினேன். பட்டனை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறந்துகொண்டது.

உள்ளே அழுகல் வாடை. குளிக்கப் போகுமுன் வாங்கிய ரம்புட்டான் பழங்கள் பையோடு கறுத்துக் கசிந்திருந்தன. டிரைவர் சீட்டில் என் கணவர் மடித்து வைத்துவிட்டுப் போன சட்டை. கொழுந்தன் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பழப் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, அவர் அழுது முடியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

நான்தான் ஓட்டினேன். குற்றாலம் தாண்டியதும் கொழுந்தன் கேட்டார்.

"அந்தாள்ட்ட ஏன் மதினி அப்பிடிச் சொன்னீய?"

"தெரியல தம்பி. செத்துட்டாவன்னு சொன்னா அவரு என்னமாவது கேப்பாரு. நா பதில் சொல்லணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "காரை வித்துருவமா?" என்றார்.

"வேண்டாம். இலத்தூருக்குப் பஸ் மாறி மாறிப் போணும்."

கணவர் ஞாபகத்துக்காக நான் காரை வைத்துக்கொண்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை. இலத்தூரில் என் பள்ளிக்கூடம், முதல் மணிக்கு முன் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். திருநெல்வேலியில் இன்னொரு சாவி செய்யச் சொன்னேன். வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் கடைக் கல்லாவுக்குள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் வருமுன் என் சாவிக்கு நானே பேட்டரி மாற்றிக்கொள்கிறேன்.

லீவு முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, மணி அடிக்கும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் மழை வழிந்தது. மணி அடித்ததும் இறங்கிப் பூட்டினேன். பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏழாம் வகுப்புக்குப் போய் விட்ட இடத்திலிருந்து பாடம் நடத்தினேன்.