நிலை குனிந்த வீடு

பழைய வீடு திருத்துவது என்பது, வீட்டுக்காரருக்கும் உள்ளூர் கவுன்சிலுக்கும் நடுவில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழில். லண்டனில் ஒரு தடவையாவது வீடு திருத்தியவர்களுக்கு என் நிலை விளங்கும்.

குனிய மாட்டேன்

2009இல் வீட்டு விலை விழுந்திருந்தது. சிவநாதன் அண்ணை ஹரோவில் இருந்த தன் வீட்டை விற்றுவிட்டு, லண்டன் ஓரத்தில் முன்னூறு வருடப் பழைய குடில் ஒன்றை வாங்கினார். படத்தில் பார்த்தால் பிஸ்கட் டின் மூடிபோல அழகு. அது பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடம், கவுன்சிலின் அனுமதி இல்லாமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்பது வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி பவானி அக்கா முதல்முறை பார்க்க வந்தார். வாசல்நிலை அவருடைய நெற்றி உயரத்தில் இருந்தது. வெளியே நின்றபடியே என்னிடம் சொன்னார்: “குனிஞ்சு கும்பிட்டுக்கொண்டு போக இதென்ன கோயிலே? நிலையை உயர்த்து தம்பி, பிறகு வாறன்.”

நேரே செவன் கிங்ஸில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணையும் பின்னாலேயே போய் அங்கே சோபாவில் படுத்தார்.

தரை

என்னோடு வேலை செய்த ரவி ஜெர்மனியில் இருந்து வந்தவன்; எதுவும் நேராக இருக்க வேண்டும் அவனுக்கு. மட்டம் பார்க்கும் கருவியைத் தரையில் வைத்தான். சுவரில் வைத்தான். ஜன்னலிலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடி, என்னிடம் சொன்னான்:

“அண்ணை, இஞ்ச நேரா நிக்கிறது நாங்கள் ரெண்டு பேரும்தான். நாங்களும் சரிஞ்சுபோக முதல் வெளிக்கிடுவம்.”

மிளகாய்ப் புகை

நிலையை உயர்த்தக் கேட்டோம், கவுன்சில் மறுத்தது. சமையலறையில் புகை போக, சுவரில் ஒரு துளையாவது போட விடுங்கள் என்று கேட்டோம். கவுன்சில் அலுவலர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. மிகவும் மரியாதையாகத்தான் மறுத்தார். “முன்னூறு வருடமாக இங்கே சமைத்திருக்கிறார்கள். யாரும் துளை கேட்டதில்லை” என்றார்.

அண்ணை என் காதோடு சொன்னார்: “அவையள் செத்தல் மிளகாய் வறுத்தவையோ எண்டு கேள் தம்பி.”

கடைசியில் பழைய புகைபோக்கிக்குக் கீழேயே அடுப்பை வைத்தோம்.

குடிபூரல்

நாள் பார்த்தாகிவிட்டது. அதை விட்டால் தை வரை குடிபுக நல்ல நாள் இல்லை; அண்ணைக்குச் சோபாவில்தான் பொங்கல். நிலையை உயர்த்தாவிட்டாலும், நாளை மதித்துப் பவானி அக்கா பால் சட்டியோடு வந்து இறங்கினார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

அண்ணை மூன்று முறை சுற்றி, தேங்காயை வாசல்படியில் ஓங்கி அடித்தார். படிக்கல் இரண்டாகப் பிளந்தது. தேங்காய் குடுமியோடு உருண்டு, ஒரு கீறலும் இல்லாமல் ரோசாச் செடிக்கடியில் போய் நின்றது.

பவானி அக்கா காரை நோக்கி நடந்தார். “தேங்காய் உடையேல்லை. இந்த வீட்டுக்கு நான் வேண்டாமாம். காரை எடுங்கோ, போவம்.”

தாண்டக் கூடாது

அந்த நேரம் பார்த்துக் கவுன்சில் பெண்மணி பூங்கொத்தோடு வந்தார். வடை தந்து சமாதானம் செய்யலாம் என்று அண்ணைதான் அழைத்திருந்தார். பெண்மணி படியைப் பார்த்தார். பூங்கொத்து கீழே தாழ்ந்தது. “இதைத் திருத்தி முடிக்கும்வரை யாரும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது” என்றார்.

காருக்குள் ஒரு காலை வைத்திருந்த பவானி அக்கா திரும்பினார்.

“என்ர வீட்டுப் படியைத் தாண்ட நான் இவவிட்டயோ கேக்கோணும்?”

பால் சட்டியோடு விறுவிறுவென்று நடந்தார். நிலையில் நெற்றி மோதியது. ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது:

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அடுப்பைப் பத்த வையுங்கோ. அந்தக் கவுன்சில் பிள்ளையையும் பின்கதவால கூட்டிக்கொண்டு வாங்கோ, வடை ஆறுது.”

அன்று அந்த வீட்டில் அனுமதி இல்லாமல் உடைந்தவை ஒரு படிக்கல்லும் ஒரு பிடிவாதமும். கவுன்சில் பழையபடி ஒட்டச் சொன்னது, நல்லகாலம், கல்லை மட்டும்தான்.