கோமதி அக்கா கேட்டு வாங்கிய சாவி

கோமதி அக்கா இன்று காலை போய்விட்டார். கிட்னி.

ஆபீஸ் குரூப்பில் "நம் ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃப் ஒருவர் காலமானார்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. பெயர் தெரியாதா? இத்தனை வருடம் அவர் துடைத்த தரையில்தானே நடந்தீர்கள்...

பெயர் கோமதி. வீடு திருச்சி பாலக்கரை. ஸ்ரீரங்கம் காவிரிப் பாலத்தில் கிளம்பி, ஆற்றோடு பூம்புகார் வரை போய், கடலோரமாகக் கோடியக்கரை இறங்கி, புதுக்கோட்டைப் பொட்டல் வழியாக ஆறு நாளில் சைக்கிளிலேயே திருச்சி திரும்பியவர்.

கூடப் போனவள் நான். அதனால் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதம். ஆபீஸ் பையன்கள் சைக்கிள் ட்ரிப் பிளான் போட்டார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு, வழியில் லேடீஸுக்கு பாத்ரூம் இருக்காது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். அக்கறையாம்.

பக்கத்தில் மாப் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாத்ரூம்தானே பிரச்சன? நாம ரெண்டு பேரும் போவோம் பாப்பா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவருடைய சைக்கிள், மகளுக்கு ஸ்கூலில் அரசாங்கம் கொடுத்தது. கேரியரின் இரண்டு பக்கமும் பழைய ஸ்கூல் பேக், டியூபைக் கிழித்துக் கட்டியது. என்னுடையது இருபத்தொரு கியர். கல்லணைக்கு முன்பே என்னை முந்திவிட்டார்.

முதல் நாள் முழுக்க நான் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்காகச் சொல்கிறேன்... குடித்தால் போக வேண்டும், போக இடம் கிடையாது.

திருவையாறு தாண்டியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தலை சுற்றி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது.

நம் ஆபீஸுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு தையல் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருந்தாராம். ஷிஃப்டுக்கு இரண்டு தடவைதான் டாய்லெட் போக விடுவார்களாம். "அடக்கி அடக்கியே என் உடம்பு போச்சு. நீ அத ஆரம்பிக்காத. குடி. எடத்த நான் கேட்டு வாங்கித் தரேன்."

வாங்கித் தந்தார்.

மயிலாடுதுறை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். டாய்லெட்டில் பூட்டு. சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் வெளியே போயிருக்கிறார் என்றார் அங்கிருந்தவர். அக்கா சரி என்று சொல்லி, சைக்கிளைக் கொண்டுபோய் பம்ப்புக்கு நேராக ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. "மேனேஜர் வரட்டுங்க, நாங்க இருக்கோம்."

அடுத்து, தண்ணீர் வரவில்லை என்றார் அவர். அக்கா மொட்டைமாடியைக் காட்டினார். டேங்க் நிரம்பி சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. "அது யாரு வீட்டுத் தண்ணிங்க?"

சாவி அவருடைய சட்டைப் பையிலிருந்தே வந்தது.

உள்ளே நிலைமை கேவலம். அக்கா வெளியே வந்து, எந்தக் கறைக்கு எதை ஊற்றி எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று அவருக்குச் சொன்னார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, இவ்வளவு தெரிகிறதே, நீங்களே ஒரு தடவை கழுவிவிட்டுப் போங்களேன் என்றார்.

"இன்னிக்கு நான் லீவுங்க."

அந்த ஒரு வரியை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்...

இந்த மாதிரி ட்ரிப் போனவர்கள் ஆறு, கடல், புல்வெளி என்று போட்டோ போடுகிறார்கள். நாங்கள் பார்த்த இயற்கைக் காட்சி வேறு. ஒதுங்க ஆற்றோரம் மூங்கில் உண்டு, வாழைத் தோப்பு உண்டு. கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட படகு உண்டு. கோடியக்கரையில் ஒன்றுமே இல்லை... கண்ணுக்கெட்டிய தூரம் இடுப்புக்குக்கூட வராத புல், அதற்கப்பால் சேறு.

அக்கா தன் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. தூரத்தில் நாலைந்து மான்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் தயங்கினேன்.

"பாத்தா பாக்கட்டும் பாப்பா. அதுங்க செல்போனா வச்சிருக்கு?"

அந்த வெட்டவெளியில் நான் அப்படிச் சிரித்தேன். அதற்குப் பிறகு திருச்சி வரும்வரை எனக்குக் கூச்சமே இல்லை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கேள்விதான். "பாட்டில் காலியா?" காலி என்று காட்டினால்தான் பெடலில் கால் வைப்பார்.

திரும்பி வந்த வாரம் இன்னொன்று செய்தார். ஆபீஸ் இரண்டாவது மாடி டாய்லெட்டைத் தினமும் கழுவுவது ஹவுஸ்கீப்பிங் பெண்கள். ஆனால் அதை அவர்கள் உபயோகிக்கக் கூடாது. கழுவி முடித்ததும் சாவியை அட்மினிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்களுக்கு பார்க்கிங்கில் குழாய் இல்லாத ஒன்று.

அன்றைக்கு அக்கா சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டிவிட்டார். யார் வேலை இது என்று அட்மின் மேலே வந்து கேட்டார்.

"நாந்தாங்க. உள்ள எடுத்து வைக்கிறதுன்னா வைங்க. நாளையிலேருந்து நீங்களே கழுவிக்குங்க."

எடுத்து வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இதையும் குரூப்பில் போடுங்கள், எமோஜிக்குப் பதிலாக.

போன மாதம் டயாலிசிஸ் வார்டில் பார்த்தேன். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கண் என் பையில் இருந்த பாட்டிலுக்குப் போனது.

இன்று சாயங்காலம் இரண்டாவது மாடிக்குப் போனேன். சாவி ஆணியில்தான் இருக்கிறது.

பாட்டில் காலி அக்கா. போயிட்டு வாங்க.