டிக்கியின் நான்காவது திருகு

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் பழைய அம்பாசிடர் வாங்கினேன் அல்லவா, இன்று அதன் டிக்கியைப் பிரித்தோம்.

டிக்கி மூடியின் உள்பக்கம், பூட்டை மறைத்து ஒரு தகடு. நான்கு திருகுகளும் துருவேறி இறுகிக் கிடந்தன. மெக்கானிக் பஷீர் பாய் டீசல் விட்டு ஊறவைத்து, தட்டித் தட்டி மூன்றைக் கழற்றிவிட்டார். வலது மூலையில் இருந்த நான்காவதில் டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நமக்கு முன்னாடியே யாரோ இதைத் திருகிப் பாத்திருக்காங்க தம்பி. ஏதோ ஒடிஞ்சு உள்ளயே நிக்குது."

குறடால் பிடுங்கினோம். காலில் தைத்த முள்ளை எடுக்கும் முள்வாங்கி ஒன்றின் முனை.

பண்ணை வயல்களில் கூலிக்குப் போன என் தாத்தாவின் அரைஞாணிலும் இப்படி ஒன்று எப்போதும் தொங்கும்.

"டிக்கி திறந்திருந்தா ஸ்க்ரூ டிரைவர் எடுத்திருப்பாங்க. மூடியிருக்கிறப்ப, உள்ள படுத்துக்கிட்டு பூட்டைத் திறக்கப் பாத்தாத்தான்..." பாய் குறடைக் கீழே வைத்தார்.

வண்டியை விற்றவருக்குப் போன் செய்தேன். பண்ணையாரின் பேரன். மரியாதையான மனிதர்.

"டிக்கியில ஒரு திருகு கழல மாட்டேங்குது சார்" என்று மட்டும்தான் சொன்னேன்.

உடனே கேட்டார்: "வலது மூலையில இருக்கறதுங்களா?"

"ஆமாம் சார்" என்றேன்.

"அது எங்க தாத்தாவுக்கும் குத்தகைக்காரங்களுக்கும் சண்டை நடந்த காலம்ங்க. எங்க வீட்டுல யாரும் அதைப் பேச மாட்டாங்க." வைத்துவிட்டார்.

வண்டி என் வாசலில் நிற்கிறது. டிக்கியைத் திறந்தே விட்டிருக்கிறேன். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. நனைந்தால் இன்னும் துருப்பிடிக்கும், போய் மூடுங்கள் என்கிறாள் மனைவி.

நீங்களாக இருந்தால் மூடுவீர்களா?