அப்பாவின் வலப்பக்கம்

அப்பா எங்களை அடித்ததே இல்லை. கோபம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சொந்த ஊரான முசிறிக்கு பஸ் ஏறுவார். அங்கே தாத்தா வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல், பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். வீட்டில் பூவன் பழம் இருந்தால், நானோ தம்பியோ அன்று வாலாட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

அவருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் ஜுரத்தில் போய்விட்டதாகச் சொல்வார்கள். அதனால் அவருடைய வலப்பக்கம் யார் உட்காருவது என்று நானும் தம்பியும் சண்டை போடுவோம்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. ஆடி மாதம், காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் எங்களை உட்காரவைத்து, "தம்பி கைய விடாத, வண்டிய நிறுத்திட்டு வரேன்" என்று அப்பா போனார். பக்கத்தில் ஒரு கல்யாண ஜோடியை நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை வாயைப் பிளந்து பார்த்ததில் கையை விட்டுவிட்டேன். திரும்பினால் தம்பி நாலு படி கீழே, இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான்.

முடியைப் பிடித்து இழுத்து மேலே போட்டேன். போட்ட கையோடு, பயத்தில், அவன் இடது காதைச் சேர்த்து ஓங்கி ஓர் அறை விட்டேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான்.

பின்னால் அப்பா நின்றிருந்தார். அவர் கை உயர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது அந்தக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எங்களை வீட்டில் விட்டுவிட்டு, செல்போனைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. "வந்துருவாரு, நீ சாப்பிடு" என்று அம்மா சொன்னாளே தவிர, வாசலை விட்டு அவளும் நகரவில்லை. என்னைப் பிடிக்காமல் முசிறியிலேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? ஓர் அடி அடித்திருந்தால் அப்போதே முடிந்திருக்குமே என்று அழுதேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பழத்தோடு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார். அவனுடைய வலது காதைப் பொத்தி, பின்னாலிருந்து ரகசியமாகக் கேட்டார்.

"குட்டி, பழம் வேணுமா?"

"ரெண்டு வேணும்."

அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். பழம் கேட்டதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவின் காதைக் கெடுத்தது ஜுரம் இல்லை, தாத்தாவின் கை என்று, தாத்தா காலமான பிறகுதான் அம்மா சொன்னாள்.

அன்று அழுது முடித்து அப்பா என் பக்கம் கையை நீட்டினார். நான் சட்டென்று குனிந்து காதைப் பொத்திக்கொண்டேன். அவர் கையில் இருந்தது ஒரு பழம். அதை என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஏன் கையில் கொடுக்கவில்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை.