பதினொரு மணிக் கஞ்சியும் வைஃபை பெட்டியும்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு விட்டேன். பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் சிமென்ட் மூட்டை தூக்கினேன். அதே தெருவிலேயே சொந்தமாக இரும்புக் கடை போட்டேன். மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று ஒருத்தரும் சீந்தாத மனையை இரும்புலியூரில் வாங்கி, நாலடி மண் கொட்டி உயர்த்தி, இரண்டு மாடி எழுப்பினேன். சுவரெல்லாம் ஒன்பது அங்குலம். தூணுக்கு எட்டுக் கம்பி போதும் என்றார் இன்ஜினீயர், பன்னிரண்டு போட்டேன். கடை நம்முடையது, கம்பிக்கு என்ன பஞ்சம்?

இவ்வளவு கட்டியும் அந்த வீட்டுக்குள் வைஃபை மட்டும் நடமாட மறுத்தது.

குழந்தைக்காக மருமகள் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. சிறுசேரிக் கம்பெனி ஒன்று காலை பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ வைத்தது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு படம் நின்றுவிட்டது. அவர்கள் பெரிய மனது பண்ணி, வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள்.

"இதுவும் போச்சுன்னா அவ்ளோதான் மாமா" என்றாள்.

என் மகன் கம்ப்யூட்டர் இன்ஜினீயர். லேப்டாப்பைக் கையில் ஏந்தி அறை அறையாக ஊர்வலம் போய்விட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"நீங்க கட்டினது வீடு இல்லப்பா, பங்கர். இந்தச் சுவத்துல சிக்னல் எப்படிப் போகும்?"

"ஊரே தண்ணியில மிதந்தப்போ இந்த பங்கர்லதானடா உக்காந்து பஜ்ஜி தின்ன?"

அடுத்து கேபிள்காரர் வந்தார். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். அதற்குத்தான் அவர் பயிற்சி எடுத்திருப்பார் போல. "ஃபுல் சிக்னல் கீது சார். இன்னாத்துக்கு பேஜார் ஆவுறீங்க?" என்று கிளம்பினார். அவர் பைக் தெருமுனை திரும்புவதற்குள் சிக்னல் செத்தது. மணி பார்த்தேன். பதினொன்று.

கடையில் ஃபியூஸ் போனால் நான் புத்தகம் புரட்டுவதில்லை. போன நேரத்தில் எது ஓடிக்கொண்டிருந்தது என்று பார்ப்பேன். வைஃபை பெட்டி இருந்தது சமையலறையில், ஃப்ரிட்ஜ் மேல். மின்சாரச் சாமான் அக்னி மூலையில்தான் இருக்கவேண்டும் என்று வைக்கச் சொன்னது, சரி, நான்தான். மறுநாள் அங்கே நாற்காலி போட்டு, போனில் வீடியோ ஓடவிட்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க, பால் திருடு போகுதா? என்ன காவல்?" என்றாள் மனைவி.

மிக்ஸி ஓடியது, வீடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினொரு மணிக்கு, என் ராகிக் கஞ்சியை மைக்ரோவேவ் ஓவனில் சூடுபண்ண வைத்தாள். வீடியோ நின்றது. ஓவன் டிங் என்றதும் ஓடியது. மறுபடி வைக்கச் சொன்னேன், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை கஞ்சி பொங்கி வழிந்தது, என் மனைவியும்தான்.

மகனிடம் சொன்னேன். "ஓவனும் வைஃபையும் ஒரே அலைவரிசைப்பா. எனக்குத் தெரியுமே" என்றான்.

"தெரிஞ்சதை எந்த பீரோவுல பூட்டி வச்சிருந்த?"

வியாழக்கிழமை என் ஒன்பது அங்குலச் சுவரை நானே துளைத்தேன். இரண்டு டிரில் பிட் உடைந்தது. சுவரின் தரத்துக்கு வேறு சான்றிதழ் வேண்டாம். ஒயரை நுழைத்து, பெட்டியை ஹாலில், மருமகள் அறை வாசலுக்கு மேலே மாட்டினேன். வெள்ளிக்கிழமை காலை ஓவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கஞ்சியை ஜில்லென்று குடித்தேன். உள்ளே அவள் குரல் ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

வேலை கிடைத்தது. உடனே மகன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், "வீட்டு நெட்வொர்க்கைச் சரிசெய்து மனைவிக்குத் துணை நின்றேன்" என்று போட்டான். சொந்தபந்தமெல்லாம் கைதட்டிக் கொண்டிருக்கிறது.

கஞ்சி என்னுடையது, மூலையும் என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்ததும் துளைத்ததும் நான். இன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தியைத் திருத்தி, முதல் வரியில் என்னைப் போடவேண்டும். சுவர் கட்டியவர் என்றும் சேர்த்துக்கொள்ளட்டும்.