ஐஸ் மீன் இளகும் வரை

"மீனை உப்பும் ஐஸும் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். உருக்கிய பின் சமைக்கவும். சின்னவள் கல்யாணத்துக்குத் தங்கச்சியை அவசியம் அனுப்பி வைக்கவும்." கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து என் தாய்மாமா, அப்பாவழித் தாத்தாவுக்கு எழுதிய தபால் அட்டையில் இருப்பது இவ்வளவுதான். முத்திரையில் ஊர்ப்பெயர் தெரிகிறது; ஆண்டு மட்டும் மை பரவி அழிந்துவிட்டது. போரைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது, அரிசி ரேஷன் இன்னும் வரவில்லை என்ற இரண்டையும் வைத்து, 1940 அல்லது 41ஆம் ஆண்டின் ஐப்பசி என்று கணக்கிட்டிருக்கிறேன்.

மரத்தூள் நனைந்தால் ஒரு புளித்த வாசனை வரும். மதுரை ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் வந்திறங்கிய, மாமா மரத்தூள் அடைத்து அனுப்பிய அந்த "ஐஸ் பொட்டி"யைச் சுற்றி அந்த வாசனைதான் நின்றது. அடிப்பலகையின் இடுக்கு வழியே நீர் சொட்டி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குக் காது குத்தியபோது மாமா சீர்வரிசையோடு ஓலைக்கூடையில் மீன் கொண்டுவந்தார். அப்போது ஐஸ் கிடையாது. பந்தியில் மீன் நாறிப்போக, ஊரார் முன் தாத்தாவுக்குத் தலைகுனிவாகிவிட்டது. அதற்குப் பின் அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கேட்கும்போதெல்லாம் அறுப்பு வந்துவிடும், அல்லது அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகும். கணவனை இழந்து எங்களோடு இருந்த அத்தைதான் சமையற்கட்டை ஆண்டவர். அப்பா மில்லுக்குப் போய் வருவார், வீட்டில் பேசமாட்டார். இப்போது தங்கை கல்யாணத்துக்காக அம்மா கேட்டபோது, "மொதல்ல மீனு வரட்டும், பாப்போம்" என்றார் தாத்தா. மீன் நன்றாக இருந்தால் அம்மா மண்டபம் போவாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் அதற்குப் பொருள் கொண்டோம்.

பெட்டியைத் திறந்தால், உள்ளே என் உயரத்தில் பாதி இருக்கும் சீலா மீன் ஒன்று விறைத்துக் கிடந்தது. கண்மாய் மீனைத் துள்ளத் துள்ளப் பார்த்தே பழகிய அத்தை, அரிவாள்மணையின் கட்டையால் அதைத் தட்டிப் பார்த்து, "இது மீனா, உலக்கையா?" என்றார். தாத்தா அட்டையை உரக்க வாசித்தார். உருக்குவது என்றால் எங்கள் வீட்டில் வெண்ணெயை உருக்குவதுதான்; அதற்கு அடுப்பு வேண்டும். அத்தையின் மனதில் வஞ்சம் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் பெரிய பானையில் உலை வைத்தார்.

"வேணாம் மதினி. வெந்நி பட்டா மேல வெந்துரும், உள்ள கல்லாவே கெடக்கும். தானா இளகட்டும்."

"அய்யா மத்தியானம் சோத்துக்கு உக்காந்துருவாரு. நீ மீனுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இரு."

சொல்லிக்கொண்டே அத்தை கொதிக்கும் பானையைத் துணியால் பிடித்து இறக்கினார். அம்மா குனிந்து மீனை இரண்டு கைகளாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு நெல் குதிர் இருந்த உள்ளறைக்குள் போனாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே நின்ற நானும் உள்ளே போய்விட்டேன். தாழ் விழுந்தது.

அந்த அறைக்குச் சன்னல் இல்லை. ஓட்டு விரிசலில் ஒரு கோடு வெளிச்சம், நெல் தூசி. அம்மா ஓர் அகன்ற சட்டியின் மேல் குச்சிகளைப் பரப்பி, வாழை இலையில் சுற்றிய மீனை அதில் கிடத்தி, ஈரச்சாக்கால் மூடினாள். உருகும் நீர் கீழே வடிய வேண்டும், மீன் அதில் ஊறக் கூடாது, ஊறினால் ருசி தண்ணீரோடு போய்விடும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எனக்கு மூச்சு முட்டியது. வெளியே போகலாம் என்று அழுதேன். "இப்பப் போனா உலையில போட்டுருவாகடி" என்றாள்.

வெளியே அத்தையின் கேலி வசவாக மாறி, பின் அதுவும் ஓய்ந்தது. தாத்தா வெறும் மோர்ச்சோற்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். "அய்யா பசியோட உக்காந்திருக்காரு, கேக்குதா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து அத்தை சொன்னார். அம்மா இனி வெறுங்கையோடு வெளியே வர முடியாது. தாழ்போட்டவள் அவள்தான், எப்போது திறப்பது என்பது மட்டும் மீன் கையில் போய்விட்டது. சாக்கை விலக்குவாள், முதுகில் விரலை அழுத்துவாள், மறுபடி மூடுவாள். மரம்போலவே கிடந்தது. வெளிச்சக் கோடு குதிரில் ஏறி, கூரைக்குப் போய், மங்கத் தொடங்கிய பிறகுதான் வால் அசைந்து கொடுத்தது. "வளையுது பாரு," என்று என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். அன்று முழுவதிலும் அவள் சிரித்தது அப்போதுதான்.

சதை கட்டுக் குலையாமல், பிடித்துவைத்த கடல்வாசனையோடு துண்டுகளாயிற்று. சின்ன வெங்காயமும் புளியும் விட்டுக் குழம்பு, மிளகாய் அரைத்துத் தடவிய வறுவல். விளக்கு வைத்ததும் தாத்தா உட்கார்ந்தார். முதல் துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார், பிறகு மற்றொன்று. அம்மா கதவோரம் நின்றிருந்தாள். கை கழுவுவதற்கு முன் அவளை நிமிர்ந்து பார்த்து, மிகுந்த பிரியத்தோடு அவர் சொன்னார்:

"மண்டபத்து மீனு நம்ம வீடு தேடி இம்புட்டு ருசியா வருதே. பெறகு நீ எதுக்குத்தா அங்க போயி அலையணும்?"

அத்தை சிரித்தார். அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, "சரிங்க மாமா" என்றாள். சின்னம்மாவின் கல்யாணம் தை மாதம் நடந்தது, நாங்கள் போகவில்லை.

அந்த வீடு இருந்த இடத்தில், திருப்பரங்குன்றம் சாலையோரம், இப்போது டயர் கடை இருக்கிறது. குதிர் வைத்த அறைகளும் மரத்தூள் அடைத்த மீன் பெட்டிகளும் போய்விட்டன. என் வீட்டு ஃபிரிட்ஜில், உறைந்த மீனை முதல்நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றி, ஓட்டைத் தட்டின் மேல் வைக்கிறேன். மருமகள் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் என்னையறியாமல் எழுந்து போய் மூடிவிடுகிறேன்.

அன்றைய குழம்பின் ருசியைத் தாத்தாவும் அத்தையும் பல காலம் பேசினார்கள். அதில் ஒரு துண்டாவது அம்மா தின்றாளா என்பதுதான் தெரியவில்லை. வால் துண்டை அவளுக்கென்று எடுத்து வைத்ததாக அத்தை தம் கடைசிக் காலத்தில் சொன்னார். அவள் தின்றதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. நான் அதற்குள் தூங்கிவிட்டேன். கேட்பதற்கு இப்போது யாரும் இல்லாததால், இதை உறுதி செய்யப்படாதது என்றே குறித்து வைக்கிறேன்.